ஹார்பர் சாலையில் நான்கு இரவுகள்

ஜூன் 2, திங்கட்கிழமை

மகன் வசிக்கும் பீனிக்ஸ் நகரிலிருந்து காலை பத்து மணிக்குக் காரில் கிளம்பினோம். பாலைவனத்தைக் கடந்து, டிஸ்னிலேண்ட் கேளிக்கைப் பூங்கா இருக்கும் கலிபோர்னியாவின் அனஹைம் நகருக்கு வர ஆறு மணி நேரம் போதும் என்றார்கள். வழியில் டயர் பஞ்சராகி, நெருப்பாய்க் காய்ந்த சாலையோரத்தில் உதவி வண்டிக்காகக் காத்திருந்ததில் மூன்று மணி நேரம் போனது. வந்து சேரும்போது இரவு ஒன்பது.

அடுத்த இடி ஓட்டலில் காத்திருந்தது. வரவேற்பு மேசையில் இருந்த பெண் கணினியை நெடுநேரம் பார்த்துவிட்டு, எங்கள் முன்பதிவு ஜூலை 2ஆம் தேதிக்கு என்றாள். பதிவு செய்து கொடுத்த முகவர் ஒரு மாதம் தள்ளிப் போட்டிருக்கிறார். அறை ஒன்றுகூடக் காலி இல்லை. பாவம், அந்தப் பெண் நான்கு தண்ணீர்ப் புட்டிகளை எடுத்துக் கொடுத்து, "ஹார்பர் சாலையில் பாருங்கள், மோட்டல்களில் இடம் கிடைக்கும்" என்று அனுப்பிவைத்தாள்.

அப்படித்தான் இந்த விடுதிக்கு வந்தோம். நீச்சல் குளத்தைச் சுற்றி ப வடிவில் இரண்டு மாடி. உள் நடைபாதை என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு அறையின் கதவும் நேரே வெளியே திறக்கிறது. கதவுக்கு நேராக உங்கள் கார். மோட்டார் வண்டிக்காரர்களுக்கான ஓட்டல், மோட்டல்.

அலுவலகக் கதவைத் திறந்ததும் பெருங்காயமும் கடுகும் தாளிக்கும் வாசம் வந்தது. திருநெல்வேலியை விட்டு வந்து இருபது நாளில், அடுத்தவர் வீட்டு அடுப்பிலிருந்து அந்த வாசம் வருவது அதுதான் முதல் முறை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுபது வயதைக் கடந்த குஜராத்திப் பெரியவர் ஒருவர் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளிருந்து வந்தார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "ராமேஸ்வரத்துக்கு அந்தப் பக்கமா? இரண்டு முறை வந்திருக்கிறேன் பென்" என்றார். பென் என்றால் குஜராத்தியில் சகோதரி.

அறை வாடகை 129 டாலர். அதன்மேல் வரி 17 சதவீதம்; நகரத்தின் விடுதி வரி 15, சுற்றுலாவுக்கென்று இன்னொரு 2. ஆக 150 டாலர் 93 சென்ட். கார் நிறுத்தக் கட்டணம் இல்லை. சாவி வாங்கிக்கொண்டு அறைக்குப் போய்க் கால் நீட்டுவதற்குள் கதவு தட்டப்பட்டது. பெரியவரின் மனைவி ஒரு பாத்திரத்தில் பாசிப்பருப்புக் கிச்சடியும் மோர்க்குழம்பு போன்ற கடியும் கொண்டுவந்திருந்தார். "குழந்தை பசியோடு தூங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, நன்றியை வாங்கிக்கொள்ள நிற்காமல் போய்விட்டார். பேரன் மூன்று கரண்டி சாப்பிட்டுவிட்டு, காலுறையைக்கூடக் கழற்றாமல் தூங்கிவிட்டான்.

ஜூன் 3, செவ்வாய்க்கிழமை

காலையில் கதவைத் திறந்தால் வானம் முழுக்கச் சாம்பல் நிறம். நேற்றுப் பாலைவனத்தில் வெந்த உடம்பு இன்று சால்வை கேட்டது. கடலிலிருந்து வரும் மேகத் திரை ஜூன் மாதக் காலைகளை இப்படி மூடிவைக்குமாம். மதியம் ஒரு மணிக்கு மேல்தான் வெயில்.

டிஸ்னிலேண்டுக்கு நடந்தே போனோம், பத்து நிமிடம். எட்டு வயதுப் பேரனின் மகிழ்ச்சியை எழுதி முடியாது, அதனால் எழுதவில்லை. நாங்கள் போன 2025 ஜூனில் ஒருநாள் டிக்கெட் நாளைப் பொறுத்து 104 டாலரிலிருந்து 206 டாலர் வரை இருந்தது. 1955இல் திறந்தபோது நுழைவுக்கட்டணம் ஒரு டாலர். விளையாட்டுகளுக்குத் தனித்தனியாகச் சில்லறை கொடுக்க வேண்டும். இலவங்கப்பட்டைச் சர்க்கரையில் புரட்டிய சுரோ என்ற நீள முறுக்கு இன்று ஒன்றே ஏழு டாலருக்கு மேல். சூடாக இருக்கும்போது நன்றாகவே இருக்கிறது.

எனக்குப் பிடித்துப்போனது ஒரு மரம். காட்டுப் படகுச் சவாரிக்குப் பக்கத்தில் பருத்த அடியோடு ஒரு ஈச்ச மரம் நிற்கிறது. 1896இல் ஒரு திருமணப் பரிசாகக் கிடைத்து நடப்பட்ட கன்று. பூங்காவுக்காக வாங்கிய 160 ஏக்கரில் பெரும்பகுதி ஆரஞ்சுத் தோப்பு. நிலத்தை விற்ற டொமிங்கஸ் குடும்பம் இந்த மரத்தை மட்டும் வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதாம். வேரோடு பெயர்த்து இங்கே நட்டிருக்கிறார்கள். அந்த வீட்டுப் பையன் ரான் டொமிங்கஸ் 1955இல் பூங்காவில் வேலைக்குச் சேர்ந்து மிக உயர்ந்த பதவி வரை போனார். வரிசையில் நின்றவர்கள் யாரும் மரத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் அதன் அடியில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நிலத்தை விற்றுவிட்டு மரத்தைக் காப்பாற்றச் சொன்ன அந்த மனம் எனக்குத் தெரிந்த மனம்.

இரவு ஒன்பதரைக்கு வாணவேடிக்கை என்றார்கள். அதற்குள் என் கால் வீங்கிவிட்டதால், நானும் மருமகளும் பேரனோடு விடுதிக்குத் திரும்பி மாடி வராந்தாவில் நாற்காலி போட்டுக் காத்திருந்தோம். ஒன்பதே முக்கால் ஆயிற்று, ஒன்றும் இல்லை. குளத்தங்கரைக் கதவைப் பூட்ட வந்த பெரியவர் கீழிருந்து சொன்னார்: "இன்று கிடையாது பென். மேலே காற்று." தரையில் ஓர் இலைகூட அசையவில்லை. உயரத்தில் காற்று பலமாக இருந்தால் நிறுத்திவிடுவார்களாம். பேரன் அழ ஆரம்பித்தான். பெரியவர் அவனை அலுவலகத்துக்கு அழைத்துப்போய், சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஒரு பழைய அஞ்சலட்டையைக் காட்டினார்.

அதை நானும் வெகுநேரம் பார்த்தேன். இதே விடுதி. இதே குளம், ஆனால் அப்போது அதற்கு ஒரு சறுக்குப் பலகை இருந்திருக்கிறது. துடுப்புபோல வால் நீண்ட கார்கள் கதவுக்குக் கதவு நிற்கின்றன. கூரை விளிம்பு வாள்பல் போல மடிந்து மடிந்து போகிறது. முகப்பில் மரத்தின் உயரத்துக்கு ஒரு கம்பம், கம்பத்தின் உச்சியில் பல்புகள் பதித்த மஞ்சள் நட்சத்திரம். பின்னணியில் கரும்பச்சையாக ஆரஞ்சுத் தோப்பு. "நான் வாங்கியபோது தோப்பு இல்லை, நட்சத்திரம் இருந்தது" என்றார்.

இந்தச் சாலையின் கதை அங்கே ஆரம்பித்தது. டிஸ்னிலேண்ட் வருவதற்கு முன்பு இந்த ஊரில் எல்லா விடுதிகளையும் சேர்த்தாலும் நூறு அறை தேறாது. 1950இல் அனஹைமின் மக்கள்தொகை 14,556, 1960இல் 104,184. பூங்காவைக் கட்டி முடிப்பதற்கே வால்ட் டிஸ்னியின் பணமெல்லாம் கரைந்துவிட்டது. ஓட்டல் கட்ட வழியில்லாமல், தொலைக்காட்சித் தயாரிப்பாளரான நண்பர் ஜாக் ரேதரைக் கேட்டுக்கொண்டார். டிஸ்னிலேண்ட் ஓட்டல் என்று பெயர் இருந்தாலும் அது ரேதருடையது. 1988இல்தான் டிஸ்னி நிறுவனம் ரேதரின் நிறுவனத்தையே வாங்கியது. அந்த ஒரு ஓட்டல் எத்தனை பேருக்குப் போதும்? ஜூலை மாத வெயிலில் அயோவாவிலிருந்தும் டெக்சஸிலிருந்தும் பின் இருக்கையில் நான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள் எங்கே படுப்பார்கள்? ஹார்பர் சாலையிலும் கட்டெல்லா சாலையிலும் தோப்புகளை வெட்டி மோட்டல்கள் முளைத்தன.

ஒவ்வொன்றும் ஒரு வேடம் போட்டுக்கொண்டது. ஒன்று ஆல்ப்ஸ் மலை வீடாகிக் கூரையில் பொய்ப்பனியைப் பூசிக்கொண்டது. ஆல் ஸ்டோவால் என்பவர் விண்வெளிக் காலத்தின் பெயரிலேயே வரிசையாகக் கட்டினார்: ஸ்பேஸ் ஏஜ், காஸ்மிக் ஏஜ், அப்பல்லோ. மனிதன் நிலவுக்குப் போவதற்கு முன்பே இந்தச் சாலையில் குடும்பங்கள் ராக்கெட் படத்துக்குக் கீழே தூங்கி எழுந்திருக்கின்றன. கூகி என்று அந்தக் கட்டடப் பாணிக்குப் பெயர். லாஸ் ஏஞ்சலஸில் கட்டடக் கலைஞர் ஜான் லாட்னர் கட்டிய ஒரு காபிக் கடையின் பெயர் அது. 1952இல் ஒரு பத்திரிகையாளர் அதையே பாணிக்குச் சூட்டிவிட்டார்.

வால்ட் டிஸ்னிக்கு இந்தச் சாலை பிடிக்கவே இல்லை. பூங்காவை விட்டு வெளியே வந்தவுடன் கண்ணில் அடிக்கும் விளக்கு வரிசை கனவைக் கலைக்கிறது என்று நினைத்தார். அதனால்தான் புளோரிடாவில் வேறு வேறு நிறுவனப் பெயர்களில் சத்தமில்லாமல் 27,000 ஏக்கருக்கு மேல் வாங்கினார்கள். சுற்றிலும் வேறு யாருடைய பலகையும் தெரியக் கூடாது என்பதற்காக அவ்வளவு நிலம்.

எனக்கு இதில் சம்மதமில்லை. கனவைக் கட்டியவர் அவர், மறுக்கவில்லை. ஆனால் கைக்கு அடங்கும் வாடகையில் ஒரு படுக்கையையும் குளத்தையும் கொடுத்து, சம்பளக்காரக் குடும்பங்களை அந்தக் கனவின் வாசல்வரை கொண்டுவந்து விட்டது இந்தச் சாலைதான்.

ஜூன் 4, புதன்கிழமை

காலையில் கால் தரையில் ஊன்றவில்லை. மகனும் மருமகளும் பேரனைக் கூட்டிக்கொண்டு போக, நான் அறையில் இருந்துவிட்டேன். காலை உணவு அலுவலகத்தில்: உறையிட்ட மஃபின், வாழைப்பழம், நாமே சுட்டுக்கொள்ளும் வாஃபிள். நான் காபியைக் குடித்த முகத்தைப் பார்த்து, பெரியவரின் மனைவி உள்ளே போய் இஞ்சி தட்டிப் போட்ட டீ கொண்டுவந்தார். கூடவே ஒரு வாளி வெந்நீர், கல் உப்பு. காலை அதில் வைத்துக்கொண்டு பெரியவரோடு இரண்டு மணி நேரம் பேசினேன்.

சூரத் பக்கத்துக் கிராமத்துக்காரர். 1979இல் வந்தார், ஒரு உறவினரின் மோட்டலில் படுக்கை விரித்தார், கழிப்பறை கழுவினார். ஆறு வருடம் கழித்து, எட்டு உறவினர்கள் பத்திரம் எதுவும் எழுதாமல் கொடுத்த பணத்தில் இந்த விடுதியை வாங்கினார். அவர்கள் இனத்தவர் இந்தத் தொழிலுக்குள் வந்த கதை இன்னும் பழையது. கன்ஜிபாய் தேசாய் என்பவர் 1942இல் சாக்ரமெண்டோவில் ஒரு சிறிய ஓட்டலை எடுத்து நடத்தினார். அதன் உரிமையாளரான ஜப்பானிய அமெரிக்கரைப் போர்க்காலத்தில் தடுப்பு முகாமுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். ஒருவரை வேரோடு பிடுங்கிய பள்ளத்தில்தான் இன்னொருவர் வேர் பிடித்திருக்கிறார். அதைச் சொல்லும்போது பெரியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். இன்று அமெரிக்க மோட்டல்களில் ஏறத்தாழப் பாதி இந்திய வம்சாவளியினர் கையில் இருக்கிறது.

எளிதாகக் கிடைத்ததல்ல. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் போட்டி விடுதிக்காரர்கள் 'அமெரிக்கருக்குச் சொந்தமானது' என்று வாசலில் பலகை மாட்டினார்கள். காப்பீட்டு நிறுவனங்கள் இந்தியப் பெயரைப் பார்த்தால் மறுத்தன. அந்த அவமானங்களிலிருந்துதான் 1989இல் அட்லாண்டாவில் ஆசிய அமெரிக்க ஓட்டல் உரிமையாளர் சங்கம் பிறந்தது. "அப்போதெல்லாம் விருந்தினர் வரும் நேரத்தில் தாளிக்க மாட்டோம்" என்றார் அவர் மனைவி. "அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறப்பேன்." திங்கள் இரவு என்னை அழவைத்த வாசம், இருபது வருடம் மூடி போட்டு மறைத்த வாசம்.

பேச்சு முடிந்ததும் பெரியவர் என்னைத் துணி துவைக்கும் அறைக்கு அழைத்துப்போனார். இயந்திரங்களுக்குப் பின்னால், போர்வை அடுக்குகளுக்கு மேலே, சுவரில் சாய்ந்து நின்றது அந்த அஞ்சலட்டை நட்சத்திரம். என்னைவிட உயரம். மஞ்சள் பூச்சு பாளம் பாளமாக உரிந்து, அடியில் செந்நிறத் துரு. விளிம்பைச் சுற்றி பல்பு மாட்டும் குழிகள், எண்ணினேன், முப்பத்தைந்து. ஒரு குழியில் மட்டும் உடைந்த பல்பின் பித்தளைக் கழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. தொண்ணூறுகளில் நகரம் இந்தப் பகுதி முழுவதையும் திருத்தியமைத்தபோது உயரக் கம்பப் பலகைகளை எல்லாம் இறக்கச் சொல்லிவிட்டது. எல்லோருக்கும் ஒரே மாதிரிக் குட்டைப் பலகை, வரிசையாகப் பனை மரம். மின்கம்பிகள் தரைக்குள் போயின. சாலை அழகாகிவிட்டது, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வேலை நடந்த வருடங்களில் வாசலில் பள்ளமும் தூசியுமாக இருந்து, பாதி அறைகள் காலியாகக் கிடந்தனவாம். 2001 பிப்ரவரியில் பக்கத்தில் இரண்டாவது பூங்கா திறந்தது. இறக்கிய நட்சத்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட அவருக்கு மனம் வரவில்லை.

பூங்காவுக்கு வருகிறவர்கள் மட்டும் இந்த மோட்டல்களில் தங்கவில்லை. வீட்டு முன்பணம் கட்ட முடியாத குடும்பங்கள் வாரக் கணக்கில், சில வருடக் கணக்கில்கூட ஒற்றை அறையில் வாழ்ந்திருக்கின்றன. இந்த ஊரில் உணவகம் நடத்தும் புரூனோ செராடோ என்ற இத்தாலியர் 2005இல் தன் தாயாரோடு சிறுவர் மன்றம் ஒன்றுக்குப் போனபோது, ஒரு பையன் இரவுச் சாப்பாடாக உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தைத் தின்றுகொண்டிருந்தான். மோட்டலில் வசிக்கும் பிள்ளை. தாயார் பாஸ்தா செய்து போடு என்றார். அன்று தொடங்கியவர், இரவுதோறும் பிள்ளைகளுக்கு உணவு கொடுப்பதைத் தொடர்ந்து செய்துவருகிறார். அந்தப் பிள்ளைகள் எத்தனையோ இரவுகள் வாணவேடிக்கையைப் பார்த்திருப்பார்கள். உள்ளே போயிருக்க மாட்டார்கள். மதியம் முழுவதும் என்னால் இதை மனத்திலிருந்து அகற்ற முடியவில்லை.

மாலையில் வெயில் வந்தது, கால் வீக்கம் வற்றியது. நகரின் பழைய பகுதியில் 1919இல் கட்டிய ஆரஞ்சு அடைக்கும் கிடங்குக்குப் போனோம். பழங்களைப் பெட்டியில் அடைத்து ரயிலேற்றிய இடம், 2014 முதல் உணவுக் கூடம். இந்த மண் பயிரை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது: 1857இல் ஜெர்மன் குடியேறிகள் திராட்சை நட்டார்கள்; 1880களில் ஒரு நோய் கொடிகளை அழித்தது; ஆரஞ்சு வந்தது; பிறகு பூங்கா. சாப்பாட்டுக்கு புரூக்ஹர்ஸ்ட் தெருவில் அரபுக் கடைகள் நிறைந்த பகுதிக்குப் போனோம். கொண்டைக்கடலை வடையான ஃபலாஃபெல், எலுமிச்சை பிழிந்த மொச்சை மசியல், அடுப்பிலிருந்து ஊதிக்கொண்டு வந்த ரொட்டி. நான்கு பேருக்கு 46 டாலர். கடைக்காரர் பேரனுக்கு பக்லாவா இனிப்பு ஒன்றைக் கையில் வைத்து, காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஜூன் 5, வியாழக்கிழமை

பகலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. குளத்தில் பேரன், கரையில் நான்.

இரவு ஒன்பதரை. மாடி வராந்தாவில் அறைக்கு ஒருவராக வந்து நின்றார்கள். எங்களுக்கு இடப்பக்கம் மெக்சிகோக் குடும்பம், வலப்பக்கம் மான்டனாவிலிருந்து வந்த தாத்தாவும் பேத்தியும். கீழே காரின் மேல் ஏறி உட்கார்ந்த இரண்டு பையன்கள். முதல் வெடி நெஞ்சில் இடித்தது. கூரைகளுக்கு மேல் பச்சையும் பொன்னுமாகப் பூ விரிந்தது. பேரன் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "ஆச்சி, இங்கிருந்தே தெரிகிறது!" என்று கத்தினான். மான்டனா தாத்தா அவனைத் தூக்கிக் கைப்பிடிச் சுவர்மேல் உட்காரவைத்து, முடியும்வரை இடுப்பைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

பெரியவர் கீழே அலுவலக வாசலில் நின்றிருந்தார். முதல் வெடிச் சத்தம் கேட்டதும் இரத்த அழுத்த மாத்திரை போடுவது அவர் வழக்கம். கடிகாரம் பார்ப்பதில்லை. 2020 மார்ச் 14 முதல் 2021 ஏப்ரல் 30இல் திறக்கும்வரை பூங்கா மூடிக் கிடந்தது. பதின்மூன்று மாதத்துக்கு மேல் வானத்தில் ஒன்றுமில்லை, அறைகளில் ஆளில்லை. அப்போது மாத்திரையை எப்படி நினைவு வைத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். அவர் மனைவிதான் பதில் சொன்னார்: "தினமும் அதே நேரத்துக்கு வெளியே போய் நிற்பார். நான் தண்ணீர் கொண்டுபோவேன்."

இடத்தை விலைக்குக் கேட்டு ஆட்கள் வந்துபோகிறார்கள். மகள் ஹூஸ்டனில் மருத்துவர், மகனுக்கு இந்தத் தொழிலில் நாட்டமில்லை. என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்க வாய் வந்தும், கேட்கவில்லை.

ஜூன் 6, வெள்ளிக்கிழமை

காலை ஏழு மணிக்கு அதே சாம்பல் வானம். கணக்குத் தீர்க்கும்போது பெரியவர் நான்காவது இரவுக்கு இருபது டாலர் குறைத்துக்கொண்டார். வேண்டாம் என்றதற்கு, அடுத்த முறை ராமேஸ்வரம் வரும்போது திருநெல்வேலியில் சாப்பிட்டுக் கழித்துக்கொள்வதாகச் சொன்னார். விலாசத்தை அவருடைய வருகைப் புத்தகத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்தேன்.

அவர் மனைவி அலுமினியத் தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கார் ஜன்னல் வழியாக என் மடியில் வைத்தார். வெந்தயக்கீரை போட்ட தேப்லா ரொட்டி பன்னிரண்டு, சிறு புட்டியில் இனிப்பு மாங்காய் ஊறுகாய். மதியம் பாலைவன நடுவில், ஓய்விடத்துச் சிமெண்டு மேசையில் பிரித்தோம். அனல் காற்றில் தாள் பறந்துவிடாமல் மகன் தண்ணீர்ப் புட்டியைத் தூக்கி அதன்மேல் வைத்தான். முதல் இரவில் அந்த ஓட்டல் பெண் கொடுத்த புட்டிகளில் மிச்சமிருந்த ஒன்று. தேப்லா இன்னும் மெத்தென்றுதான் இருந்தது.